வெட்டிய இடங்களில் எஞ்சிய குரல்

சென்ற வாரம் காப்பகத்திலிருந்து எனக்கு ஒரு மடல் வந்தது. நான் ஓய்வுபெற்ற பின் என் இருக்கையில் அமர்ந்து பணியாற்றும் நிவேதிதா எழுதியிருந்தார். பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றும் வேலை நடக்கிறதாம். அவற்றுள் மூன்று சுருள்களில், ஒரு மூதாட்டி பாடிக்கொண்டு போகும்போது, அடிக்கொரு தடவை வேறொரு குரல் ஒரு நொடிக்கும் குறைவாக எட்டிப் பார்த்து மறைகிறதாம்.

“ஐயா, பதிவேட்டில் நீங்களே இதைக் ‘குறை’ என்று எழுதிக் கையொப்பம் இட்டிருக்கிறீர்கள். அன்று நீக்க முடியவில்லை என்றும் குறிப்பு இருக்கிறது. இன்று அதைத் துடைத்தெடுக்க மென்பொருள் உண்டு. ஒரு பிற்பகல் வேலைதான். திங்கட்கிழமைக்குள் ‘சரி’ என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும்” என்று முடித்திருந்தார். கூடவே, இளையவர்களுக்குப் பயன்படுமாறு என் பணிக்காலத்தைப் பற்றி ஏதேனும் எழுதித் தரவும் கேட்டிருந்தார். இரண்டு வேண்டுகோளுக்கும் விடை ஒன்றே என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

நான் தமிழில் முதுகலை முடித்தவன். ஒலிப்பதிவுக் கருவியைத் தொட்டதும் கிடையாது. அடையாற்றில் ஒரு பழைய மாளிகையின் மேல்தளத்தில், வாய்மொழிக் கதைப்பாடல்களைத் திரட்டி வைக்கும் காப்பகம் ஒன்றில் பட்டியலாளர் வேலை கிடைத்தது. முதல் ஓராண்டு சுருள்களுக்குத் தூசி தட்டினேன். அடுத்த ஆண்டு வெட்டவும் ஒட்டவும் கற்றேன். பயிற்சி என்று சொல்ல அதற்குமேல் ஒன்றுமில்லை.

வெட்டுதலைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். இன்றைய பிள்ளைகள் திரையில் கோடு கிழித்து அழிக்கிறார்கள், வேண்டாமென்றால் மீட்டுக்கொள்கிறார்கள். எங்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை. நாடாவின் வட்டுகளை இரு கையாலும் முன்னும் பின்னும் உருட்டி, ஒலி முடியும் இடத்தைக் காதால் பிடிக்க வேண்டும். அங்கே நாடாவின் முதுகில் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு. பிறகு நாடாவை அலுமினியக் கட்டையின் பள்ளத்தில் கிடத்தி, சவர அலகால் சாய்வாக வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் ஒட்டிய இடத்தில் ‘டக்’ என்று கேட்கும். சாய்வாக வெட்டினால் ஒரு குரல் தேயும்போதே அடுத்தது தொடங்கிவிடும். கேட்பவருக்கு வெட்டு தெரியாது. என் வெட்டுகள் தெரியவே தெரியா என்று பெயர் வாங்கியிருந்தேன். நாற்பது ஆண்டுப் பணியில் எனக்கிருந்த ஒரே செருக்கு அது.

எங்கள் இயக்குநர் மயிலாப்பூர்க்காரர். கச்சேரி, கதாகாலட்சேபம், பாராயணம் என்று எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு, வலக்கைச் சுட்டுவிரலை மேசைமேல் கிடத்தியிருப்பார். விரல் அசையாதிருந்தால் அந்தப் பகுதி இருக்கலாம். விரல் உயர்ந்தால் நான் மஞ்சள் கோடு போட வேண்டும். உரக்கப் பேசியதே இல்லை. யாரையும் திட்டியதும் இல்லை. கேட்டு முடித்ததும் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவார். என்னைப் ‘புலவரே’ என்பார். அதில் கேலி எவ்வளவு, மதிப்பு எவ்வளவு என்று அவர் இறக்கும்வரை எனக்குப் பிடிபடவில்லை.

வெளிநாட்டிலிருந்து நாடா வருவது அரிதாகிவிட்ட காலம் அது. ஒரு சுருளைக்கூட வீணாக்கக் கூடாது என்பது அவர் விதி. இருமுறை வரும் பகுதிகள், இருமல், இடைவெளி எல்லாம் வெட்டப்படும். வெட்டிய துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி, பழைய ஒலியை அழித்து, வேறு பதிவுக்குப் பயன்படுத்துவோம்.

அந்நாளில் ஒப்பியல் ஆராய்ச்சியாளர் ஒருவர் சென்னை வந்தார். பிலிப்பைன்சின் வடமலைகளில் வாழும் இஃபுகாவோ மக்களிடையே சில ஆண்டுகள் தங்கியிருந்தவர். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி நெல் பயிரிடும் மக்கள் அவர்கள். அறுவடையின்போதும், பெரியவர்கள் இறந்த வீட்டிலும் அவர்களுடைய பெண்கள் பாடும் நெடுங்கதைப் பாடலுக்கு ஹுட்ஹுட் என்று பெயர். அதை அவர் ஒரு வயலில் பதிவு செய்திருந்தார். நம்முடைய வில்லுப்பாட்டுப் பதிவுகள் சிலவற்றை அவருக்குக் கொடுத்தோம். மாற்றாக ஆறு சுருள்களையும், இரண்டு பக்கக் குறிப்பையும் எங்களிடம் கொடுத்துச் சென்றார்.

அவற்றை நாங்கள் கேட்கத் தொடங்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. பக்கவாத்தியம் ஒன்றும் இல்லை. முதிர்ந்த பெண்குரல் ஒன்று சில சொற்களை எடுத்தது. உடனே பல பெண்கள் சேர்ந்து நீண்ட நேரம் இழுத்தார்கள். மீண்டும் அந்த ஒற்றைக் குரல், மீண்டும் கூட்டம். பின்னணியில் நீர் ஓடியது.

அரை மணி நேரம் கழித்து இயக்குநர் கண்ணைத் திறந்தார்.

“என்ன ஓய் இது, ஒரே மெட்டை அரை மணியா கேட்டுண்டிருக்கோம்?”

“கதை முழுவதும் ஒரே மெட்டில்தான் செல்லும் ஐயா.”

“சரி. அந்தப் பாட்டி பாடறா. அப்புறம் கூட்டமா என்னமோ இழுக்கறாளே, அது என்ன?”

“பின்பாட்டு. தலைவி சொன்னதையே மற்றவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள்.”

“நன்னாத் தெரியுமோ?”

“தெரியும் ஐயா.”

அவர் விரல் உயர்ந்தது.

அம்மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. மார்கழி விடியலில் மாடவீதிகளைச் சுற்றிவரும் பஜனைக் கோஷ்டியைச் சிறுவயது முதல் கேட்டவன் நான். அங்கே ஒருவர் அடியெடுப்பார். பின்னால் வருபவர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். பாடும் கூட்டம் என்றால் திருப்பிப் பாடும் கூட்டம் என்பதே எனக்குத் தெரிந்த முறை. குறிப்பின் முதல் பக்கத்தைப் படித்தேன். அதில் பாடியவர்களின் பெயர்கள் இருந்தன. முதற்பெயரான பெர்னார்தாவை மட்டும் பதிவேட்டில் எழுதி, ‘மற்றும் சிலர்’ என்று சேர்த்தேன். இரண்டாம் பக்கம் ஆங்கிலத்தில் நெருக்கி அச்சடித்திருந்தது. பிறகு படிக்கலாம் என்று உறையில் வைத்தேன்.

மூன்று வாரம் வெட்டினேன். ஆறு சுருள் மூன்றாயிற்று.

ஸ்டெல்லா அப்போதுதான் துப்புரவு வேலைக்குச் சேர்ந்திருந்தார். நொச்சிக்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண். காலையில் கடற்கரைச் சாலையோரம் மாமியாருக்கு மீன் விற்க உதவிவிட்டு, பத்து மணிக்கு எங்களிடம் வருவார். வெட்டிய துண்டுகள் என் காலடியில் சுருண்டு கிடக்க, துடைப்பத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

“இன்னா சார், பாட்ட இப்டி அறுத்துப் போட்டுக்கினு கீறீங்க?”

“திரும்ப வரும் பகுதி அம்மா. தேவையில்லை.”

“திரும்ப எங்க வருது? அந்தக் கெழவி எடுத்துக் குடுக்குது, மத்தவங்கதான பாடறாங்க. எங்க குப்பத்துல ஒரு சாவு வுழுந்தா வந்து பாருங்க. ஒருத்தி ரெண்டு வார்த்த எடுத்து வுடுவா. மீதிய இழுத்துக்கினு போறது நாங்க. எடுத்து வுட்டதோட அறுத்துட்டா, செத்தவன் பேரே வராது சார்.”

“ஸ்டெல்லா, இது ஒப்பாரி அன்று. காப்பியம்.”

“எதுவா இருந்தா இன்னா சார், வாய் ஒண்ணுதான?”

சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

அந்த வேலையில் ஒன்று மட்டும் எனக்கு நிறைவளிக்கவில்லை. பெர்னார்தா கடைசி அசையை முடிக்கும் முன்பே, கூட்டத்திலிருந்து ஒரு குரல் முந்திக்கொண்டு புகுந்துவிடும். அதை நீக்கினால் பெர்னார்தாவின் அசையும் போய்விடும். எவ்வளவு சாய்த்து வெட்டியும் அந்தக் குரலின் நுனி ஒவ்வொரு ஒட்டிலும் எஞ்சியது. இயக்குநரிடம் சொன்னேன். “இருந்துட்டுப் போகட்டும் ஓய்” என்று கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். என்னால் விட முடியவில்லை. பதிவேட்டில் சிவப்பு மையால், ‘குறை: ஒட்டுகளில் பிறர் குரல் சிறிது கலந்துள்ளது. நீக்க இயலவில்லை’ என்று எழுதிக் கையொப்பம் இட்டேன்.

வெட்டி ஒட்டிய மீதி நாடாவில் அடுத்து எது பதிவாயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். தியாகராய நகரில் ஓர் அரங்கில் நான் ஆற்றிய உரை. தலைப்பு, ‘காப்பியம் பாடும் தனிக்குரல்.’

அதன்பின் பல ஆண்டுகள் ஓடின. இயக்குநர் மறைந்தார். அடுத்தடுத்து வந்தவர்களுக்கு விரல் உயர்த்தும் பழக்கம் இல்லை. கேட்கும் பழக்கமும் இல்லை. என் முழங்கால்கள் மேல்தளப் படிகளை வெறுக்கத் தொடங்கின. ஓய்வுக்கு ஓராண்டு இருக்கையில், ஒரு பிற்பகல் ஸ்டெல்லா ஒரு கன்னியாஸ்திரீயை அழைத்துக்கொண்டு வந்தார்.

“சார், இவங்க சிஸ்டர் கிளாரா. பிலிப்பைன்ஸ்லேந்து வந்து எங்க குப்பத்து மருந்தகத்துல பத்து வருஷமா கீறாங்க. கட்டுத்துணி சுருட்டிக்கினே வாய்க்குள்ள ஒரு பாட்டு பாடினாங்க. அடியே, இது எங்க சாரு அறுத்த பாட்டாச்சேன்னு இட்டாந்துட்டேன்.”

குட்டையான, ஐம்பது வயதுப் பெண்மணி. வெயிலில் நடந்து வந்ததால் நெற்றியெல்லாம் வியர்வை. நான் ஆங்கிலத்தில் வரவேற்றேன். அவர் மறுமொழி சொன்ன தமிழ் நொச்சிக்குப்பத்துத் தமிழ்.

“சார், அந்த டேப்பு எந்த ஊருதுன்னு பாத்து சொல்றீங்களா?”

உறையிலிருந்த குறிப்பை எடுத்துக் கொடுத்தேன். ஊர்ப்பெயரைப் படித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பெயர்ப் பட்டியலில் விரல் இறங்கி ஆறாம் பெயரில் நின்றது.

“அகத்தா. இது எங்கம்மா சார்.”

அவர் தொடர்ந்தார். “அவங்க செத்தப்ப நான் இங்கதான் இருந்தேன். போக முடியல. ஒரு போட்டோ கீது. குரல் எங்கயும் இல்ல. போடுங்க சார்.”

சுருளைக் கருவியில் ஏற்றும்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறாம் பெயர் என்றால் கூட்டத்தில் ஒருவர்.

பெர்னார்தா பாடினார். முடித்தார். மீண்டும் பாடினார். கிளாரா தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்.

“அப்பறம்?”

“அடுத்த அடி.”

“இல்ல சார். இவங்க ஆரம்பிக்கத்தான் செய்வாங்க. யாரு கெளம்பினாங்க, எந்த ஊருக்குப் போனாங்க, வெயில் எங்க நின்னுச்சு, அதெல்லாம் அப்பறம்தான் வரும். அத எல்லாரும் சேந்து பாடணும். எங்க அது?”

வாசலில் நின்ற ஸ்டெல்லா எனக்கு முன்னால் விடை சொன்னார்.

“அதத்தான் அறுத்துட்டாரு சிஸ்டர்.”

நான் எழுந்து நின்றேன். நடந்தவற்றை வரிசையாகச் சொன்னேன். விரல், மஞ்சள் கோடு, ‘தெரியும் ஐயா’ என்று நான் சொன்ன சொல், துண்டுகள் அழிக்கப்பட்டது, அதன்மேல் ஏறிய என் உரை வரை எதையும் மறைக்கவில்லை. முடிவில், “பொறுத்தருள வேண்டும்” என்றேன்.

அவர் ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்த்தார். “இன்னா சொல்றாரு?”

“சாரி கேக்கறாரு சிஸ்டர்.”

கிளாரா குறிப்பின் இரண்டாம் பக்கத்தை எடுத்து மெல்லப் படித்தார். அதில் இருந்தது அவர் சொன்னதேதான். தலைவி தொடங்கிவைப்பாள், கதையைக் கொண்டுசெல்வது கூட்டம். என் மேசையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக உறைக்குள் கிடந்த பக்கம்.

“வேற டேப்பு எங்கயாவது இருக்குமா?”

“அந்த ஆராய்ச்சியாளருக்கு இன்றே எழுதுகிறேன்.”

எழுதினேன். இரண்டு திங்கள் கழித்து அவர் மகனிடமிருந்து விடை வந்தது. தந்தை மறைந்துவிட்டார்; மூலச்சுருள்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டுவிட்டன என்று.

நான் எழுதுவதாகச் சொன்ன அன்று கிளாரா உடனே கிளம்பவில்லை. “அந்தக் கெழவியாவது பாடட்டும். எங்க ஊருதான அவங்களும்” என்று உட்கார்ந்திருந்தார். சுருள் ஓடியது. மின்விசிறி சுற்றியது. ஏழெட்டு ஒட்டுகள் கடந்திருக்கும். சட்டென்று கையை உயர்த்தினார்.

“நிறுத்துங்க. பின்னாடி போங்க.”

உருட்டினேன். பெர்னார்தாவின் கடைசி அசை. அதன்மேல் அந்த நுனி.

“இன்னொரு தடவ.”

மீண்டும் உருட்டினேன். அடுத்த ஒட்டுக்குப் போகச் சொன்னார். அதற்கடுத்ததற்கும். அதே குரல், அதே அவசரம். நான் எதிர்பாராத விதமாக அவர் சிரிக்கத் தொடங்கினார்.

“இது எங்கம்மாதான் சார்! அவங்க எப்பவுமே முந்திக்குவாங்க. பெர்னார்தா வாய மூடறதுக்குள்ள இவங்க ஆரம்பிச்சிருவாங்க. வயல்ல எல்லாரும் திட்டுவாங்க. ‘அகத்தா, வூட்டுல சோறு ஆறிப்போகுதா’ன்னு கேப்பாங்க.”

“எங்க அத்தையும் அதே கேசுதான் சிஸ்டர்,” என்றார் ஸ்டெல்லா. “பொணத்த எறக்கறதுக்குள்ள ஆரம்பிச்சிடும்.”

இருவரும் சிரித்தார்கள். பிறகு கிளாரா முக்காட்டின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டார். நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

அடுத்த மூன்று பிற்பகல்கள் அவர் வந்தார். ஒவ்வொரு ஒட்டிலும் நான் கருவியை நிறுத்த வேண்டும் என்றார். நிறுத்துவேன். அம்மா தொடங்கிய இடத்திலிருந்து அவர் எஞ்சிய பகுதியைத் தாழ்ந்த குரலில் பாடுவார். நினைவில் வராத இடங்களில் மெட்டை மட்டும் முனகுவார். நினைவில் வராத இடங்களே மிகுதி. தனியாகப் பாடக் கூச்சமாக இருக்கிறது என்று ஸ்டெல்லாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். இரண்டாம் நாளுக்குள் ஸ்டெல்லாவுக்கு இழுவை பிடிபட்டுவிட்டது. நிறுத்துவதும் தொடங்குவதும் மட்டும் என் வேலை. களைப்பு மிகுந்த அந்த நாள்களைப்போல் என் பணிக்காலத்தில் வேறில்லை. நேரம் தவறி நிறுத்தினால் அகத்தாவின் அசை பாதியில் அறுந்துபோகும். இரண்டு இடங்களில் தவறினேன். “திரும்பப் போடுங்க சார்” என்பார் பொறுமையாக.

கடைசி நாள் படியிறங்கும்போது கிளாரா சொன்னது இது:

“அத தொடாதீங்க சார். அது போதும்னு நான் சொல்லல. ஆனா அத யாரும் தொடக் கூடாது.”

“தொட மாட்டோம்” என்றேன்.

அடுத்த ஆண்டு அவரைத் தம் மலைநாட்டுக்கே மாற்றிவிட்டார்கள். நாடாவின் படி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். நானும் ஓய்வுபெற்றேன்.

பதிவேட்டில் நான் ஒன்றும் திருத்தவில்லை. அதைத் திருத்துவதென்றால் என்ன செய்தேன் என்பதை அங்கே எழுத வேண்டும். நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். விடைபெறும் நாளில் மாலையைப் போட்டுக்கொண்டு அந்தப் பதிவேட்டுக்குப் பக்கத்திலேயே நின்று படம் எடுத்துக்கொண்டேன். சிவப்பு மையில் இருந்த என் கையொப்பம் உள்ளேயே இருந்தது. அந்தக் கையொப்பத்தை நம்பித்தான் நிவேதிதா இன்று துடைக்கத் துணிகிறார். அவர்மீது பிழையில்லை. மூன்று வாரம் வெட்டியும் என்னால் முடியாததை ஒரு பிற்பகலில் முடித்துத் தருகிறேன் என்று அன்போடு எழுதியிருக்கிறார்.

தொலைபேசியில் சொல்ல மனம் ஒப்பவில்லை. சனிக்கிழமை லஸ் முனையில் பேருந்து ஏறினேன். அடையாற்றில் இறங்கி, படிகளில் இருமுறை நின்று, மேல்தளம் சேர்ந்தேன்.

“சார், ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா? இந்த வெயில்ல எதுக்கு?” என்று நிவேதிதா தண்ணீர் கொண்டுவந்தார்.

“பதிவேட்டைக் கொடுங்கள் அம்மா. அந்தக் குறிப்பின் முதல் பக்கத்தையும்.”

‘குறை’ என்று தொடங்கும் வரியை அடித்தேன். அதன் கீழே, ‘குழுவினர் பாடிய பகுதிகள் என் அறியாமையால் வெட்டி அழிக்கப்பட்டன. ஒட்டுகளில் எஞ்சியுள்ள குரலை எக்காரணத்தாலும் நீக்கக் கூடாது’ என்று எழுதிக் கையொப்பம் இட்டேன். ‘மற்றும் சிலர்’ என்பதையும் அடித்துவிட்டு ஏழு பெயர்களை எழுதினேன். கட்டத்தில் இடம் போதவில்லை. ஓரத்தில் செங்குத்தாக எழுத வேண்டியதாயிற்று. என் கையெழுத்து இப்போது அவ்வளவு நன்றாக இல்லை.

நிவேதிதா கணினியில் அந்தக் கோப்பைத் திறந்து, ஓர் ஒட்டைக் கேட்டார். பிறகு இன்னொன்றை. மூன்றாவதில் புருவம் உயர்ந்தது.

“சார், இவங்க ஒவ்வொரு தடவையும் முந்திக்கிட்டு வராங்களே!”

“ஆமாம் அம்மா. அவர் பெயர் அகத்தா.”